பறக்காத விமானத்தின் பெட்ரோல் முள்

என் மகள் விமானத்தின் பாகத்தை டிபன் பாக்ஸில் போட்டுக் கொண்டுவந்தாள். நான் கடையில் சாப்பிட உட்கார்ந்த நேரம். வீட்டிலிருந்து தக்காளி சாதம் வந்திருக்கிறது என்று நினைத்து மூடியைத் திறந்தேன். உள்ளே பஞ்சுக்கு நடுவில் இரண்டு வட்டக் கண்ணாடி மீட்டர்கள், குங்குமச் சிமிழ் அளவுக்கு.

"என்னா கண்ணு இது?"

"ஏரோபிளேன் பெட்ரோல் மீட்டருப்பா. ரெண்டு ரெக்கையில இருந்தும் கழட்டிட்டு வந்தேன்."

"சோறு?"

"சோறு பையில இருக்குது. மொதல்ல இதப் பாரு."

முப்பது வருஷமாகத் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மீட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பைக், டிராக்டர், தண்ணி லாரி என்று எதில் முள் நின்றுபோனாலும் என் மேஜைக்கு வரும். படிப்பு எட்டாவதோடு சரி. காலையில் குளித்து, பட்டை போட்டு, முருகனுக்கு ஒரு கற்பூரம் காட்டாமல் ஸ்குரூ டிரைவரைத் தொட்டதில்லை. விமானம் என்றால் எனக்கு எங்கள் ஊர் ஏரியூரில் நிலத்துக்கு மேலே வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போவதுதான். அதன் மீட்டர் என் மேஜைக்கு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஆனால் மகள் வேலை பார்க்கிற இன்ஜினியரிங் காலேஜில் ஒரு விமானம் இருக்கிறது. நாலு பேர் உட்காரலாம். எங்கேயோ பறந்து களைத்து, இனிமேல் பறக்க லாயக்கில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு, லாரியில் ஏறி ரோடு வழியாகத்தான் வந்து சேர்ந்தது. தகர ஷெட்டில் நிற்கும். வருஷத்தில் இரண்டு தடவை பெட்ரோல் ஊற்றி இன்ஜினை ஓட்டி மாணவர்களுக்குக் காட்டுவார்கள். அது சத்தம் போடும், பிள்ளைகள் போட்டோ எடுப்பார்கள், பிறகு நிறுத்திவிடுவார்கள். அந்த ஷெட்டுக்கு என் மகள் லேப் அசிஸ்டென்ட். டிப்ளமோ படித்தவள். மூன்று வருஷமாகத் தற்காலிகம்.

"ஆய்வுக் கமிட்டி வருதுப்பா," என்றாள். "அவங்க முன்னாடி இன்ஜினை ஓட்டிக் காட்டணும். ஓட்டறதுக்கு முன்ன பெட்ரோல் எவ்வளவு இருக்குதுன்னு ரெக்கை மீட்டரப் பாத்து எழுதணும். அது சட்டம். ரெண்டு மீட்டரும் ஈரம் கோத்துப்போயி முள்ளு ஒட்டிக்கிச்சு."

"பறக்காத பிளேனுக்கு பெட்ரோல் இருந்தா என்னா, இல்லாட்டி என்னா?"

"கமிட்டிகிட்ட நீ வந்து கேளு." சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். அவளுடைய ஹெச்.ஓ.டி. சார் கொடுத்த மெமோ. விமானத்தின் எரிபொருள் மானிகளில் நீர் புகுந்தது எப்படி, பொறுப்பாளர் என்ற முறையில் ஏழு நாளில் எழுத்து மூலம் விளக்கம் தரவேண்டும் என்று இங்கிலீஷில் இருந்ததாம். அவள் படித்துச் சொன்னாள். இந்த வருஷம் அவளைப் பெர்மனன்ட் பண்ணுவதாக அதே சார்தான் சொல்லியிருந்தார். மெமோ தீராமல் ஃபைலில் இருந்தால் அந்தப் பேச்சே எழாது.

"கமிட்டி வர்றப்ப எது ரிப்பேரா இருந்தாலும் அதுக்கு ஒரு ஆள் பேரு வேணும்ப்பா. இதுக்கு என் பேரு."

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. எவனோ ஒரு பொறுப்பில்லாதவன் தண்ணீர் விட்டிருக்கிறான், என் பிள்ளை தலையில் விடிகிறது என்று சாப்பாட்டைத் தள்ளி வைத்தேன். "யாரு பண்ணினதுன்னு நான் கண்டுபிடிக்கிறேன் பாரு," என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "சரிப்பா, கண்டுபிடி," என்று சொல்லிப் போய்விட்டாள்.

மீட்டரைத் திருப்பிப் பார்த்தபோது கொஞ்சம் தைரியம் வந்தது. இது புது வித்தை ஒன்றும் இல்லை. கேஸில் ஓடுகிற கார்களின் சிலிண்டரில் இதே மாதிரி ஒன்று இருக்கும். டேங்குக்குள் ஒரு மிதவை. எண்ணெய் ஏறி இறங்க அது ஒரு காந்தத்தைத் திருப்பும். அந்தக் காந்தத்தைப் பார்த்து வெளியே இருக்கிற முள் திரும்பும். இரண்டுக்கும் நடுவில் கம்பி கிடையாது, ஓட்டை கிடையாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பேச்சு நடக்கும். நம் வீடுகளில் மாமியார் மருமகள் அப்படி இருப்பதில்லையா, அதுபோல. அதனால்தான் டேங்கைத் தொடாமல் மீட்டரை மட்டும் அவளால் கழற்ற முடிந்திருக்கிறது.

சுற்று வளையத்தை நெம்பி, கண்ணாடியை எடுத்தேன். உள்ளே முள் குத்தி நிற்கிற ஊசிமுனை பச்சை பூத்திருந்தது. எண்கள் உப்பி உரிந்திருந்தன. ரப்பர் வளையம் பொடிப்பொடியாக வந்தது. அந்த வளையத்தின் பள்ளத்தில் ஒரு மாதிரி மண் நிறத்தில் தூள் அப்பியிருந்தது. துரு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். துரு இப்படி நெகிழாது. மூக்கருகே கொண்டுபோனேன்.

சீயக்காய்.

அதற்குக் கீழே மஞ்சளாக ஒரு கோடு, அதன்மேல் சிவப்பு. சந்தனமும் குங்குமமும்.

யார் பண்ணினது என்று கண்டுபிடித்துவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு அந்தக் காலேஜில் வேலை செய்கிறவர்களின் குடும்பத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் வேட்டி கட்டி, பட்டை போட்டு, எங்கள் தெரு பஜனையில் பாடுகிற ஆள் மாதிரியே போய் நின்றேன். ஹெச்.ஓ.டி. சார் என்னைப் பார்த்ததும், "ஐயா, உங்க கையால செஞ்சா நல்லது. புறா எச்சமா கெடக்கு, நல்லா கழுவி விடுங்க," என்றார். விமானத்துக்குப் பூஜை செய்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஈரத்துணியில் துடைத்தால் போதும் என்று வேறொருவன் விட்டிருப்பான். நான் பக்திமான். தேங்காய் நார் கேட்டு வாங்கினேன். சீயக்காய்த் தூள் கேட்டு வாங்கினேன். கோயில் யானையைக் குளிப்பாட்டுகிற மாதிரி ரெக்கையைத் தேய்த்தேன். டியூப் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தது. ரெக்கைக்கு ஒன்றாக இரண்டு வட்டக் கண்ணாடிகள் இருந்தன. லாரிக்கு ஹெட்லைட் எப்படியோ, விமானத்துக்கு இவை கண் என்று முடிவு செய்தேன். கண்ணில் அழுக்கு இருக்கலாமா? அவற்றைச் சுற்றி நாரை வைத்து இன்னும் இரண்டு சுற்று அழுத்தித் தேய்த்தேன். அழுக்கு என்று நினைத்து நான் பெயர்த்து எடுத்த கறுப்பு வளையம்தான் தண்ணீர் புகாமல் இருக்கப் பூசியிருந்த பசை என்று இப்போது மேஜையில் வைத்துப் பார்க்கும்போது தெரிகிறது. கடைசியில் இரண்டு கண்ணுக்கும் சந்தனம் குழைத்து அப்பி, குங்குமம் வைத்தேன். எல்லாரும் கும்பிட்டார்கள். சார் போட்டோ எடுத்தார்.

அன்று மாலை மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு முன்னால் சரிசெய்துவிட்டால் சொல்லவேண்டியதே இருக்காது என்று ஒரு கணக்கு. முருகனிடமும் பேசிப் பார்த்தேன். நான் செய்தது உனக்குத்தானே, எனக்கா செய்துகொண்டேன் என்று. அவர் எப்போதும்போல வேலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு நாளில் வேலையை முடித்தேன். ஊசிமுனையை ஸ்பிரிட்டில் துடைத்தேன். எண்ணெய் விடவில்லை. எண்ணெய் தூசியைக் கூட்டும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை அடியில் பிடித்து ஆட்டினால் முள் சொன்னபடி திரும்பியது. ரப்பர் வளையம் மட்டும் மகள் வாங்கி வந்தாள். "உன் கடையில கெடக்கிற வளையத்தப் போட்டுறாதப்பா. பெட்ரோல் பட்டா ஊதிப்போகும்," என்று எச்சரிக்கையோடு கொடுத்தாள். வெளியே கார்த்திகை மழை தூறிக்கொண்டிருக்க, வளையத்தைப் போட்டு, கண்ணாடியை வைத்து, பசை பூசி மூடினேன். மூடிய கையோடு முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினேன்.

மகள் அதைக் கொண்டுபோய் ரெக்கையில் பொருத்தினாள். மறுநாள் காலை ஏழு மணிக்குக் காலேஜிலிருந்து போன்.

"அப்பா, ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்திருக்கு."

"என்னாத்த சொல்ற?"

"உள்பக்கம் பனி மூடி நிக்குது. முள்ளே தெரியல."

"வெளியில தொடச்சியா?"

"நான் என்னா டிராக்டருக்காப் பொறந்தேன்? மீட்டர்க்காரனுக்குத்தான பொறந்தேன்! உள்ளாறப்பா, உள்ளாற!"

சாயங்காலம் மறுபடியும் டிபன் பாக்ஸில் வந்து சேர்ந்தது. நான் பசையைக் குற்றம் சொன்னேன். கண்ணாடியைக் குற்றம் சொன்னேன். விமானக்காரர்களைப் பொதுவாகக் குற்றம் சொன்னேன். மகள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "மூடறப்ப மழையா?" என்றாள்.

"தூறல்."

"அப்ப தூறலையும் சேத்து உள்ள வச்சு மூடிட்ட. ராத்திரி குளுந்ததும் அது கண்ணாடியில ஏறி ஒக்காந்துக்கிச்சு."

முப்பது வருஷத் தொழிலில் எத்தனை மீட்டரை மழை நாளில் மூடியிருப்பேன். பைக் வைத்திருக்கிறவன் யாரும் விடியற்காலையில் வந்து கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து நியாயம் கேட்டதில்லை.

அவளே உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில்தான், நல்ல வெயில். ஒரு பிஸ்கட் டின்னில் குண்டு பல்பை மாட்டி, மீட்டர்களைத் திறந்தபடி உள்ளே வைத்து, மாத்திரை டப்பாக்களில் ஈரம் இழுக்கப் போட்டிருப்பார்களே, அந்தச் சின்னப் பொட்டலங்களை அவள் அம்மாவின் மருந்துப் பையிலிருந்து எல்லாம் பொறுக்கி அடுக்கினாள். மதியம் இரண்டு மணிவரை காயவிட்டாள். பிறகு சூட்டோடு சூடாக, பேச்சு மூச்சில்லாமல், என்னைக்கூடக் கிட்டே விடாமல் மூடினாள்.

"மூச்சு விடாதப்பா. மூச்சுலயும் ஈரம் இருக்குது."

வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். மூடி முடித்ததும் வழக்கம்போலப் படத்துக்கு முன்னால் வைக்கக் கையை நீட்டினேன்.

"தள்ளி நின்னு கும்பிடு. அவருக்கு அங்கிருந்தே தெரியும்."

அந்த வார்த்தையில்தான் எனக்கு உள்ளே ஏதோ கழன்றது. மெமோவுக்குப் பதில் கொடுக்க இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. அவள் எழுதி வைத்திருந்த பதிலை அப்போதுதான் காட்டினாள். ஷெட்டின் தகரம் ஒழுகி மழைச் சாரல் பட்டதால் நீர் புகுந்தது என்று இருந்தது.

"கண்ணு," என்றேன். "மழை இல்ல. நான்தான்."

அவள் ஆச்சரியப்படவில்லை. பிஸ்கட் டின்னைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், "டியூபைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாருப்பா? நான்தானே. நீ எப்ப சொல்லுவன்னு அஞ்சு நாளாப் பாத்துட்டு இருக்கேன்."

"அப்புறம் ஏன் மழைன்னு எழுதின?"

"மழைக்கு யாரும் மெமோ குடுக்கமாட்டாங்க."

உள்ளே இருந்து என் வீட்டுக்காரி சத்தம் கொடுத்தாள். "ஏங்க, கார்த்திகை விரதம் இருக்கிற மனுசன், புள்ளய பொய் எழுத வச்சிட்டு எந்த மொகத்தோட வெளக்கு ஏத்துவீங்க?" அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் அது ரகசியமாக இருந்திருக்கிறது.

அன்றே உட்கார்ந்து நான் கடிதம் எழுதினேன். எனக்கு எழுதத் தெரிந்தது லீவ் லெட்டர் ஒன்றுதான். அந்த வழியிலேயே போனேன். மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, ஆயுத பூஜை அன்று நான் விமானத்தின் ரெக்கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துத் தண்ணீர் அடித்ததால் மீட்டர் கெட்டுவிட்டது, இதில் என் மகள் மீது குற்றம் இல்லை, அவள் டியூபை மட்டும் பிடித்தாள், ஆகவே ஐயா அவர்கள் மன்னிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

"டியூப எதுக்குப்பா எழுதின?"

"உண்மைதானே?"

"சாமி..." என்று தலையில் கைவைத்தாள். பிறகு, "சார் கழுவச் சொன்னத மட்டும் எழுதாம விட்டிருக்க," என்றாள்.

"அவரு புறா எச்சத்தத்தான் கழுவச் சொன்னாரு. சீயக்காய் என் யோசனை."

மறுநாள் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹெச்.ஓ.டி. சார் கடிதத்தை ஒரு தடவை வேகமாகவும் ஒரு தடவை மெதுவாகவும் படித்தார். வேகமாகப் படித்தபோது எதைத் தேடினார் என்று எனக்குத் தெரியும். அது இல்லை என்றதும் முகம் தெளிந்தது.

"ஐயா, இத ஃபைல்ல வைக்க முடியாதுங்க. கமிட்டி பாத்தா சிரிப்பாங்க. மழைன்னே இருக்கட்டும்."

மகள் பக்கத்தில் நின்றாள். "அப்ப மெமோவையும் எடுத்துடுங்க சார். கேள்வி இருந்தா பதிலும் இருக்கணும்ல?"

"மெமோ நம்பர் போட்டாச்சும்மா. எடுக்க முடியாது."

"அப்ப இதுவும் இருக்கட்டும் சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தேன். ஆயுத பூஜை அன்று எடுத்தது. நானும் நாரும் விமானமும் நன்றாக விழுந்திருந்தோம். அவரும் அதைப் பார்த்தார். கடிதத்தை ஃபைலில் கோர்த்தார். அன்று மதியத்துக்குள் போட்டோ சுவரில் இல்லை என்று மகள் சொன்னாள்.

மார்கழி முதல் வாரத்தில் கமிட்டி வந்தது. மகள் என்னையும் வரச் சொல்லியிருந்தாள். முள் நின்றுபோனால் கைக்கு ஆள் வேண்டுமே. ஷெட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் பஜனைக்குப் போய்வந்த அதே வேட்டியோடு உட்கார்ந்திருந்தேன். பனி அப்படி இருந்தது; எதிரே இருந்த காலேஜ் கட்டடமே தெரியவில்லை. கண்ணாடிக்குள் என்ன நடக்கிறதோ என்று ஷெட்டை எட்டி எட்டிப் பார்த்தேன். வேண்டிக்கொள்ளவும் பயமாக இருந்தது. நான் வேண்டிக்கொண்டு செய்ததுதானே இது வரைக்கும் வந்து நிற்கிறது.

ஒரு பியூன் ஓடிவந்தார். "ஐயா, உங்கள மேடம் கூப்புடறாங்க."

கமிட்டியில் மூன்று பேர். பெரியவர் ஒரு அம்மா. பெங்களூர் பக்கம், விமான வேலையிலேயே தலை நரைத்தவராம். கையில் ஃபைல் திறந்திருந்தது. என் கடிதம் மேலே இருந்தது. ஹெச்.ஓ.டி. சார் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெக்கை ஓரம் மகள் நின்றாள், கை கட்டி.

"நீங்கதானா சீயக்காய்?" என்றார் அந்த அம்மா.

"ஆமாங்கம்மா."

"ஷாம்பு போடக் கூடாதா?"

"சாமி காரியத்துக்கு அது சுத்தமில்லைங்க."

பக்கத்தில் இருந்த இருவரும் இருமினார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"வாலுக்கும் போட்டீங்களா?"

"வால் எட்டலைங்கம்மா."

"தேவரு நம்மளக் காப்பாத்தினாரு," என்றார். கன்னடத்தில் தேவரு என்றால் கடவுளாம். ரெக்கைக்கு அருகில் போய்க் குனிந்து பார்த்தார். அத்தனை பனியிலும் கண்ணாடி உள்ளே தெளிவாக இருந்தது. முள் கால் டேங்கில் நின்றது. ஒரு அளவுக் குச்சியை வாங்கி டேங்கில் விட்டு எடுத்துப் பார்த்தார். அந்தப் பக்க ரெக்கைக்கும் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து ஃபைலைப் புரட்டினார்.

"யாரு சரி பண்ணினது? ரெக்கார்டுல 'துறை மூலம்'னு இருக்கு."

சார் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"அம்மா, திறந்தது நான். முள்ளத் துடைச்சது நான். மூடினதும் மொதல்ல நான்தான். அது பனி மூடிக்கிச்சு. அப்புறம் எம்பொண்ணு காயவச்சு மூடினா. இப்ப நிக்கிறது அவ மூடினது."

முப்பது வருஷம் கடையில் உட்கார்ந்தவன் இதைச் சொல்ல எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்ததோ என்னவோ, என்னை விட்டுவிட்டு மகளிடம் இங்கிலீஷில் கேட்க ஆரம்பித்தார். எப்படிக் காயவைத்தாய், எத்தனை மணி நேரம், என்ன வளையம். பிஸ்கட் டின் என்ற வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. மகள் முதலில் முனகினாள், பிறகு நிமிர்ந்து பேசினாள்.

முடிந்ததும் அந்த அம்மா ஃபைலை சாரிடம் நீட்டினார்.

"கெடுத்தவர் எழுதிக் குடுத்திருக்காரு. சரி பண்ணினவ இங்க நிக்கிறா. இந்த மெமோ யாருக்கு?"

"ஒரு ஃபார்மாலிட்டி மேடம்."

"எடுத்துடுங்க."

நம்பர் போட்ட மெமோவை எடுக்க முடியாது என்று எனக்குச் சொன்னவர், ஒரு நொடியில் எடுத்துவிட்டார்.

இன்ஜின் ஓடியது. தகரம் அதிர்ந்தது. பிள்ளைகள் போட்டோ எடுத்தார்கள். விமானம் நின்ற இடத்திலேயே நின்றது. அதிர்வில் முள் லேசாக நடுங்கியது, ஆனால் விழவில்லை என்று மகள் பிறகு சொன்னாள். நான் தள்ளி, வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றேன்.

பெர்மனன்ட் ஆர்டர் தை மாதம் வந்தது. என் வீட்டுக்காரி பாயசம் வைத்தாள். நான் ஆர்டரை மூன்று தடவை வாங்கிப் பார்த்தேன், இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டாலும். பிறகு மனசு கேட்காமல் மகளிடம் கேட்டேன்.

"என் லெட்டர் என்னாச்சு கண்ணு?"

"ஃபைல்லயே இருக்குதுப்பா."

"அதையும் எடுத்திருக்கலாம்ல?"

"மெமோவத்தான் மேடம் எடுக்கச் சொன்னாங்க. பதில எடுக்கச் சொல்லி யாரும் சொல்லல. சாரும் தானா எதையும் எடுக்கமாட்டாரு."

ஆக, அந்தக் காலேஜில் கேள்வி இல்லாத ஒரு பதில் இருக்கிறது. இனிமேல் வருகிற கமிட்டிக்காரர்கள் ஃபைலைப் புரட்டும்போதெல்லாம், யாரோ ஒரு ஏரியூர்க்காரன் விமானத்தைக் குளிப்பாட்டியதற்காக யாரும் கேட்காமலே பணிவுடன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பான். இருக்கட்டும். மகள் பாயசத்தை இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டாள்.